வேதவதி மாமியின் சுக்கிர மேடு

ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் வேதவதி மாமியைத் தேடி வருகிறவர்களுக்குக் கதவு எண் வேண்டியதில்லை. “முறுக்கு மாமியா?” என்று கேட்டுவிட்டு யாராவது கை காட்டிவிடுவார்கள். முகூர்த்த மாதம் என்றால் அதுகூட வேண்டாம். வெண்ணெயும் பெருங்காயமும் காய்ந்த எண்ணெயும் சேர்ந்த வாசனை தெருமுனை வரைக்கும் வந்து அழைத்துக்கொண்டு போகும்.

மாமி செய்வது அச்சில் பிழிகிற முறுக்கு அல்ல. கல்யாணச் சீரில் தாம்பாளத்தில் அடுக்குகிற கைச்சுற்று முறுக்கு. பிசைந்த மாவை உள்ளங்கையில் அடக்கிக்கொண்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இழையாகக் கிள்ளி, அந்த இழையைத் திருகிக்கொண்டே துணியில் வட்டமாகப் படிய வைக்க வேண்டும். ஐந்து சுற்று, ஏழு சுற்று, பெரிய இடம் என்றால் ஒன்பது சுற்று. இழை முழுக்கக் கயிறு போலத் திரித்திருக்க வேண்டும். அச்சு முறுக்குக்காரர்களை மாமி ஒருநாளும் குறை சொன்னதில்லை. “அதுவும் திங்கறதுக்குத்தானே” என்பாள். சொல்ல வேண்டியதெல்லாம் அந்தத் ‘தானே’யில் அடங்கிவிடும்.

இந்தப் பிடிவாதம் அவளுடைய சொந்தக் கல்யாணத்தில் ஆரம்பித்தது. பிறந்தகத்தில் கைச்சுற்றுத் தெரிந்தவர் யாரும் இல்லை. கடைசி நேரத்தில் எங்கேயோ வாங்கிய முறுக்கு, சத்திரத்துப் படி ஏறுவதற்குள் பாதி நொறுங்கிப் போயிற்று. “சீர்ல முறுக்கு வெச்சாளா, முறுக்குப் பொடி வெச்சாளா?” என்று மாமியார் கேட்டார். ஒரு தடவையோடு விட்டிருந்தால் வேதவதி மறந்திருப்பாள். அந்த அம்மாள் எந்தக் கல்யாணத்துக்குப் போய் வந்தாலும் அதையே கேட்டார். வேதவதி மாவு பிசைய ஆரம்பித்தாள். சில வருஷத்தில் அந்த மாமியாரே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் மாட்டுப்பெண்ணின் முறுக்கைக் காட்டிப் பீற்றிக்கொள்ளும்படி ஆயிற்று. தனக்கு ஒரு பெண் பிறந்தால் அவளுடைய சீர் முறுக்கில் ஒன்றுகூடப் பிறத்தியார் கை படக்கூடாது என்று வேதவதி அப்போதே தீர்மானித்துவிட்டாள். ப்ரியம்வதா அப்போது வயிற்றில்கூட இல்லை.

இப்போது அந்த ப்ரியம்வதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. திருச்சி கே.கே. நகரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறாள். மாப்பிள்ளை அபிராமுக்குச் சென்னையில் வேலை. ஐப்பசியில் முகூர்த்தம். சம்பந்தியம்மாள் வேறு எதுவும் கேட்கவில்லை, “முறுக்கு மட்டும் உங்க கையால வேணும், ஸ்ரீரங்கம் பூரா சொல்றா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். மாமிக்குத் தலைகால் புரியவில்லை.

கை மட்டும் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதலில் மரத்துப் போயிற்று, கட்டைவிரலும் அதற்கு அடுத்த இரண்டு விரல்களும். தூக்கத்தில் எழுந்து கையை உதறிவிட்டுப் படுப்பாள். எண்ணெய்ச் சூட்டில் நின்று நின்று வந்தது என்று அவளே வைத்தியம் சொல்லிக்கொண்டாள். பிறகு டப்பா மூடி திறக்க வரவில்லை. பிறகு, முறுக்கு திரிய மறுத்தது. எப்படியோ விரலை ஒருக்களித்து மாவை அழுத்திச் சுற்றினாள். வட்டம் வந்தது, திரி வரவில்லை. வீட்டில் யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தாள்.

கவனித்தவர் ராஜகோபாலன். மாமியின் கணவர். கூட்டுறவுச் சங்க ஆபீசிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து கைரேகை பார்ப்பதே பொழுதுபோக்கு. பால்காரரிலிருந்து கேஸ் சிலிண்டர் போடுகிறவர் வரைக்கும் அவரிடம் உள்ளங்கையைக் காட்டிவிட்டுத்தான் வாசற்படி இறங்க முடியும். ஒருநாள் மாமி காபி நீட்டும்போது டம்ளரை விட்டுவிட்டுக் கையைப் பிடித்தார். கட்டைவிரலின் அடியில் புடைத்திருக்க வேண்டிய மேடு, குழியாக இருந்தது.

கைரேகைக்காரர்கள் அதைச் சுக்கிர மேடு என்பார்கள். களத்திரம், கல்யாணம், வீட்டு மங்கலம் எல்லாம் சுக்கிரன் பொறுப்பு. பெண்ணுக்கு முகூர்த்தம் வைத்திருக்கிற நேரத்தில் பெற்றவள் கையில் சுக்கிரன் தாழ்ந்து போனால் என்ன அர்த்தம் என்று ராஜகோபாலன் பயந்துபோனார். யாரிடமும் சொல்லவில்லை. பரிகாரம் தேடினார். அதிலும் ஒரு சங்கடம். அவர் பரம வைஷ்ணவர். பெருமாள் இருக்க ஒரு கிரகத்தின் முன்னால் போய்க் கை கூப்ப மாட்டார். நல்லவேளையாக ஸ்ரீரங்கமே சுக்கிரனுக்கு உரிய க்ஷேத்திரம் என்று சொல்கிற வழக்கம் ஒன்று உண்டு. அதைப் பிடித்துக்கொண்டார். பெருமாளும் கோபித்துக்கொள்ள மாட்டார், சுக்கிரனும் சமாதானமாவான் என்று கணக்குப் போட்டார்.

“வேதா, வெள்ளிக்கிழமை தோறும் தாயார் சன்னிதிக்கு வெள்ளைப் பூவா மாலை கட்டிக் குடேன். உன் கையாலேயே தொடுக்கணும். நல்ல நீளமா.”

“எதுக்குன்னா திடீர்னு?”

“கொழந்தை கல்யாணம் நன்னா நடக்கணுமோல்லியோ?”

பெண்ணின் கல்யாணம் என்றால் மாமி மறுபேச்சுப் பேசுவாளா? வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் கூடை நிறைய நந்தியாவட்டையும் மல்லிகையும் வாங்கி வந்து கொட்ட, மாமி மரத்துப்போன விரலால் நார் வலித்து வலித்து மாலை கட்டினாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கை முந்தின வாரத்தைவிட மோசமாக இருந்தது. ராஜகோபாலன் மேட்டைப் பார்த்து, சுக்கிரன் இன்னும் மனம் இறங்கவில்லை போலிருக்கிறது என்று மாலையின் நீளத்தைக் கூட்டினார்.

வியாதியைக் கண்டுபிடித்தது ஒரு முறுக்குதான். ப்ரியம்வதாவின் ஆஸ்பத்திரியில் கமர் ஜஹான் என்று ஒரு டாக்டர், கைகளுக்கு ஆபரேஷன் செய்கிறவர். மாமி முறுக்குக்கு நெடுநாள் அடிமை. ஆடி மாதம் ப்ரியம்வதா வழக்கம்போல் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தாள். டாக்டர் ஒன்றை எடுத்தார், கடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ப்ரியா, இது அம்மா சுத்தினதா?”

“ஆமா டாக்டர். ஏன், சிக்கு வாசனை அடிக்கறதா?”

“இழை தட்டையா இருக்கு. திரிக்கவே இல்ல, அழுத்தி வெச்சிருக்காங்க. அம்மாவோட கட்டைவிரலுக்கு என்ன ஆச்சு?”

மறுநாள் மாமியும் ராஜகோபாலனும் டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். வலது கட்டைவிரலால் சுண்டு விரலைத் தொடச் சொன்னார் டாக்டர். மாமி தொடத்தான் பார்த்தாள். கட்டைவிரல் உள்ளங்கை ஓரத்திலேயே படுத்துக்கொண்டு, கிளம்ப மாட்டேன் என்று அடம் பிடித்தது. நரம்பில் மின்சாரம் வைத்துச் சோதித்த முடிவையும் பார்த்துவிட்டு, டாக்டர் தன் உள்ளங்கையை மேஜைமேல் விரித்தார்.

“இந்த மேடு இருக்குல்லம்மா, இதுக்குள்ள மூணு தசை. ரெண்டு மேலாக்க இருக்கும். மூணாவது அதுக்கு அடியில ஒளிஞ்சிருக்கும். மணிக்கட்டுல புறப்பட்டு, கட்டைவிரலோட அடி எலும்பு நெடுக ஒட்டிக்கிட்டு இருக்கும். அது சுருங்குனா அந்த எலும்பையே இழுத்துத் திருப்பிரும். கட்டைவிரல் உள்ளங்கையைத் தாண்டி வந்து மத்த விரலுக்கு எதிரே நிக்கும். மத்த விரல்லாம் மடங்கும், நிமிரும், அவ்வளவுதான். எதிர்ல வந்து நிக்கிறது இது ஒண்ணுதான். ஊசி பிடிக்க, பேனா பிடிக்க, சோத்தைப் பிசைஞ்சு உருட்ட, முறுக்குத் திரிக்க, எல்லாத்துக்கும் இதுதான் வேணும்.”

“அது எனக்கு எங்கே போச்சு?”

“எங்கயும் போகல. சோறு கிடைக்காம இளைச்சுப் போச்சு. அதுக்கு உத்தரவு கொண்டு வர்ற நரம்பு, மணிக்கட்டுல ஒரு குறுகலான வாசல் வழியா வரணும். ஒன்பது தசைநாரும் அதே வாசல்லதான் நுழையுது. வைகுண்ட ஏகாதசிக்கு சொர்க்கவாசல்ல நிக்கிற கூட்டம் உங்களுக்கு நான் சொல்லணுமா? வருஷக்கணக்கா முறுக்குச் சுத்தி அந்த இடம் வீங்கி, நரம்பு நசுங்கிருச்சு. உத்தரவு வரல, தசை வாடிருச்சு. இந்தப் பக்கம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற தசைக்கு வேற நரம்பு. அதுக்கு ஒண்ணும் ஆகல. அதை வெச்சுத்தான் சாவியைப் பிடிக்கிற மாதிரி மாவை அழுத்தி ஒப்பேத்தியிருக்கீங்க. அதான் தட்டையா வந்திருக்கு.”

ராஜகோபாலன் தொண்டையைக் கனைத்தார். “அப்போ இது சுக்கிரன் இல்லையா?”

டாக்டருக்குப் புரியவில்லை. ராஜகோபாலன் விளக்கினார். மேடு, களத்திரம், க்ஷேத்திரம், வெள்ளைப் பூ எல்லாவற்றையும் சொன்னார். மாமிக்கே இதெல்லாம் அப்போதுதான் தெரியும்.

“இந்தக் கையால வாரா வாரம் பூ கட்டச் சொன்னீங்களா சார்?” என்று கேட்டார் டாக்டர்.

“போன வாரம் இன்னும் நீளமா,” என்றாள் மாமி, கணவரைப் பார்க்காமல்.

மாமிக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் மனுஷர் தன்னந்தனியாக இந்தப் பயத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு பூக்கூடை தூக்கி அலைந்ததை நினைத்ததும் சிரிப்பு முந்திக்கொண்டது. டாக்டரும் சேர்ந்துகொண்டார். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் உள்ளே எட்டிப் பார்த்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் டாக்டர் விஷயத்துக்கு வந்தார். அந்த வாசலைத் திறந்துவிட ஒரு சின்ன ஆபரேஷன். மதமதப்புச் சீக்கிரம் போய்விடும். ஆனால் இவ்வளவு இளைத்த தசை மறுபடி எழுமா என்று சொல்ல முடியாது. அதனால் அதே வெட்டில் இன்னொரு காரியமும் செய்துவிடலாம். முன்கையின் நடுவில் ஒரு தசைநார் இருக்கிறது. பெரிய வேலை எதுவும் அதற்குக் கிடையாது. அதைத் திருப்பிக் கட்டைவிரலில் கட்டிவிட்டால், வாடிய தசையின் வேலையை அது பார்த்துக்கொள்ளும். சிலருக்குப் பிறவியிலேயே அது இருக்காது என்று சொல்லி, மாமியின் மணிக்கட்டை மடக்கச் சொன்னார். நடுவில் வீணைத் தந்தி மாதிரி எழும்பி நின்றது. ராஜகோபாலன் சும்மா இருப்பாரா? தன் கையையும் மடக்கினார். ஒன்றும் எழும்பவில்லை. மற்றக் கையையும் மடக்கினார்.

“உங்களுக்கு இல்ல சார். நஷ்டம் ஒண்ணுமில்ல,” என்றார் டாக்டர்.

இத்தனை பேர் கையைப் பார்த்தவருக்குத் தன் கையில் இல்லாதது இன்றைக்குத்தான் தெரிந்தது. வீடு போய்ச் சேரும் வரை ஆட்டோவில் அவர் மணிக்கட்டை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

மாமிக்கு அந்த வேடிக்கை மனசில் ஏறவில்லை. டாக்டர் கடைசியாகச் சொன்னதுதான் காதில் நின்றது. ஆபரேஷன் ஆனால் சில வாரம் மாவுக்கட்டு. அதற்கப்புறம் மெள்ள மெள்ளப் பழக்க வேண்டும். ஐப்பசிக்குள் டம்ளர் பிடிக்கலாம், தலை பின்னலாம். சீர் முறுக்குச் சுற்ற முடியாது. “கல்யாணம் ஆனப்புறம் பண்ணிக்கறேனே” என்று மாமி கேட்டுப் பார்த்தாள். “அதுவரைக்கும் அந்த நரம்பு தாங்காதும்மா” என்றுவிட்டார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் மாமி சமையலறைக்குள் போய் மாவு பிசைந்தாள். ஒன்பது சுற்று வேண்டாம், ஐந்து சுற்றாவது வருகிறதா என்று பார்த்தாள். இரண்டாவது சுற்றிலேயே இழை அறுந்தது. மறுபடி ஆரம்பித்தாள், மறுபடி அறுந்தது. அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டு அழுதாள். பெண்ணுக்குச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டது ஒன்றே ஒன்று, அதுவும் இல்லையென்று ஆகிவிட்டதே என்று துக்கம் பொங்கியது. வேலை முடிந்து வந்த ப்ரியம்வதா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

“அம்மா, கேட்டரிங்ல சொல்லிடலாம். யாரு சுத்தினா என்ன? என் கல்யாணத்துக்கு உன் கை போணுமா?”

“யாரு சுத்தினா என்னவா?”

“சரி, தப்பாச் சொல்லிட்டேன். ஆனா யோசிச்சுப் பாரு. இந்த ஒரு சீருக்காக வலது கையை விட்டுட்டா, அடுத்த தையிலேர்ந்து யார் சீருக்குச் சுத்துவே? எனக்கு நாளைக்கு வளைகாப்பு வந்தா யாரு சுத்துவா?”

மாமி கண்ணைத் துடைத்தாள். துடைத்தது இடது கையால். அந்தக் கையை ஒரு கணம் பார்த்தாள். பிறகு மாவு உருண்டையை அதற்கு மாற்றி, கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கு எதிரே கொண்டுவந்தாள். வந்தது.

“ஆபரேஷனுக்குத் தேதி கேளு” என்றாள்.

ஆவணி பிறந்ததும் ஆபரேஷன் நடந்தது. கையை மட்டும் மரக்கச் செய்ததால் மாமி விழித்துக்கொண்டே இருந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் டாக்டர் வேலை செய்ய, இந்தப் பக்கம் மாமி மாவுப் பக்குவம் சொல்ல, நடுவில் நின்ற நர்ஸ் உளுந்து எவ்வளவு என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டாராம். மாவுக்கட்டோடு வீடு வந்த மறுவாரமே மாமி இடது கைக்குப் பாடம் நடத்த ஆரம்பித்தாள். அந்த மணிக்கட்டிலும் நெரிசல் லேசாக இருக்கிறது, ஒரு நேரத்துக்குக் கொஞ்சமாகத்தான் சுற்ற வேண்டும் என்று டாக்டர் கண்டித்திருந்தார். மாமி அதற்குக் கட்டுப்பட்டாள்.

முதல் வாரத்து முறுக்குகளைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதே நாகரிகம். சில ஜிலேபி மாதிரி இருந்தன, சில எது மாதிரியும் இல்லை. எல்லாவற்றையும் ராஜகோபாலன்தான் தின்று தீர்த்தார். பூ கட்டச் சொன்னதற்குப் பிராயச்சித்தம் என்று நினைத்தாரோ என்னவோ, ஒன்றைக்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை. புரட்டாசி முடிவதற்குள் இழையில் திரி விழுந்தது. ஐப்பசி பிறக்கும்போது ஒன்பது சுற்றும் ஒழுங்காக நின்றது. வலது கையின் கட்டும் பிரித்தாகி, மாமி ஒரு பக்கம் பஞ்சுப் பந்தை அமுக்குவதும் துணி கிளிப்பை எடுத்து வைப்பதுமாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

சீர் முறுக்குப் பொரிக்கிற நாளில் ராஜகோபாலன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து துணியில் வரிசையாகக் கிடந்த முறுக்குகளைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“வேதா, இதெல்லாம் இடமாச் சுத்தறதே.”

மாமி பார்த்தாள். உண்மைதான். வலது கையில் வலமாகச் சுற்றியது, இடது கைக்கு வந்ததும் நேர்மாறாகச் சுற்றியிருந்தது. திரி விழுந்ததா, சுற்று நின்றதா என்று பார்த்த கண்ணுக்கு இது படவே இல்லை.

“அப்பிரதட்சிணமா இருக்கே. மங்கல காரியத்துக்கு இதைப் போய்த் தாம்பாளத்துல எப்படி வெக்கறது? சம்பந்தி என்ன நினைப்பா?”

வாணலியில் எண்ணெய் காய்ந்து புகைய ஆரம்பித்திருந்தது. காய்ந்த எண்ணெயை வீணாக்க மாமிக்கு மனசு வராது. ஒரு முறுக்கை எடுத்துப் போட்டாள். ஒரு பக்கம் சிவந்ததும் வழக்கப்படி கம்பியால் திருப்பிவிட்டாள். திருப்பியவள் அப்படியே நின்று எண்ணெய்க்குள் குனிந்து பார்த்தாள்.

“ஏன்னா, இங்கே வாங்கோ. இப்போ எந்தப் பக்கம் சுத்தறது?”

ராஜகோபாலன் குனிந்தார். கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டு மறுபடி குனிந்தார். முறுக்கு வலமாகச் சுற்றிக்கொண்டு சாவகாசமாக மிதந்தது.

“அப்போ இத்தனை வருஷமா நீ வலமாச் சுத்தினதெல்லாம் தாம்பாளத்துல எந்தப் பக்கம் உக்காந்திருக்கும்?” என்று கேட்டார்.

“அதையெல்லாம் இப்போ தோண்டாதேள்,” என்றாள் மாமி. “அவாளுக்கெல்லாம் பேரன் பேத்தி பிறந்தாச்சு.”

சீர்த் தாம்பாளம் சத்திரத்துக்கு முழுசாகப் போய்ச் சேர்ந்தது, ஒன்றுகூட உடையவில்லை. சம்பந்தியம்மாள் ஒன்பது சுற்று முறுக்கைக் கையில் எடுத்து, தட்டிப் பார்த்து, பத்திரமாகத் திரும்ப வைத்துவிட்டு, கூட வந்தவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாள். இடது கை விஷயம் அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. மாமி அன்று சாயங்காலம் முழுக்க மிதந்துகொண்டிருந்தாள். வந்த காரியம் முடிந்துவிட்டது என்றே நினைத்தாள்.

மறுநாள் முகூர்த்தம். ராஜகோபாலன் மடியில் ப்ரியம்வதா உட்கார்ந்தாள். எதிரில் அபிராம். கன்னிகாதானத்துக்கு நேரமாகிவிட்டது என்று வாத்தியார் தண்ணீர் நிறைந்த வெள்ளிச் சொம்பை நீட்டினார். மாமி இடது கையை நீட்டினாள். இரண்டு மாதமாக எல்லாவற்றுக்கும் அந்தக் கைதான்.

“மாமி, வலது கையால. தாரை வார்க்கணும்,” என்றார் வாத்தியார்.

முறுக்கு முறுக்கு என்று அலைந்ததில் இதை யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. பெற்றவள் வார்க்கிற தண்ணீர், அவள்தான் வார்க்க வேண்டும். நிறைந்த பாத்திரம் எதையும் வலது கை இன்னும் தூக்கிப் பார்த்ததில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த டாக்டர் கமர் ஜஹான் மூன்றாவது வரிசையில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். சுற்றி எல்லோரும் மணப்பெண்ணைப் பார்க்க, அவர் மட்டும் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தார்.

மாமி வலது கையைக் கொடுத்தாள். நான்கு விரல்கள் சொம்பின் கழுத்தை ஒரு பக்கம் அணைத்தன. கட்டைவிரல் கொஞ்சம் தயங்கியது. பிறகு உள்ளங்கையைத் தாண்டி வந்து, மெல்லத் திரும்பி, அந்த நான்குக்கும் எதிரே போய் நின்றது. அடியில் தாங்கியிருந்த இடது கையை மாமி எடுத்துவிட்டாள். சொம்பு நின்றது. சாய்த்தாள். தண்ணீர் ஒரே சீராக ராஜகோபாலனின் கையிலும், அதற்குள் இருந்த பெண்ணின் கையிலும், அதற்குக் கீழே அபிராமின் கையிலும் விழுந்தது. மேளம் கொட்டியது. பெண்ணைக் கொடுக்கிறோம் என்கிற அழுகை மாமிக்கு அப்போதுதான் வந்தது. துடைத்துக்கொள்ள அவளுக்குத் தோன்றவில்லை. சொம்பு காலியாகிற வரைக்கும் அழுதுகொண்டே வார்த்தாள்.